மாமா கேட்ட இரண்டு மோட்டார்

கடலூரில் குடியிருந்துகொண்டு சிதம்பரத்தில் கடை வைத்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்த நாள். மற்ற நாள்களில் காலையில் ரயிலையோ பஸ்ஸையோ பிடித்து ஓடி, மேலவீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் என் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறப்பேன். பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பவரைப் பார்த்தாலே எனக்கு அவருடைய பவர் ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தக் கண்களையெல்லாம் மறந்துவிட்டு, மஞ்சக்குப்பம் வீட்டு ஹாலில் கைலியோடு உட்கார்ந்து ஆர்கன் கேட்பேன்.

ஆர்கன் என்றால் சர்ச்சில் வாசிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் சொல்வது, அதே சர்ச்சிலிருந்து எழுந்து தெருவைத் தாண்டி வந்து எதிரே இருந்த மதுக்கடையில் உட்கார்ந்துகொண்ட ஆர்கன். என் அப்பா அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் அமெரிக்காவின் கறுப்பினக் கலைஞர்கள் வாசித்துப் பதிவு செய்தது. சோல் ஜாஸ் என்று அதற்குப் பெயர். வேலை முடிந்து களைத்து வருகிறவன் ஒரு மூலையில் உட்கார்ந்து காலைத் தட்டிக்கொண்டே கேட்க வேண்டும் என்று வாசித்தது போல இருக்கும். அதில் வித்தை நிறைய உண்டு. ஆனால் வித்தை காட்டுகிறோம் பார் என்கிற முகம் கிடையாது. எனக்கு அது போதும்.

இந்த இசைத்தட்டுகள் எனக்கு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் கடைக்கு வாடிக்கையாக வந்து பிறகு சிநேகிதரானவர். சிங்கப்பூரில் வேலை. நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அவர் இருந்த கட்டடத்தில் ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது, ஒரு ரெக்கார்டு பிளேயரையும் பெட்டி நிறைய ரெக்கார்டுகளையும் வேண்டாம் என்று வெளியே வைத்திருக்கிறார். பாய்க்குப் பாட்டில் நாட்டமில்லை. ஆனால் லென்ஸ் அரைக்கும்போதெல்லாம் நான் விசிலடித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறார். லீவில் வரும்போது அந்த மொத்தத்தையும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து, வேறு யாரும் இதைக் கேட்க மாட்டார்கள் மச்சான் என்று என் மேஜைமேல் இறக்கினார்.

பெட்டியைப் பிரித்தால் எல்லாமே ஆர்கன். அந்தச் சிங்கப்பூர்ப் பெரியவர் வேறு எதையும் வீட்டுக்குள் விடவில்லை போலிருக்கிறது.

முதல் தட்டைப் போட்ட அன்று எனக்கு ஒரு குழப்பம். அட்டையில் மூன்று பேர்தான் இருந்தார்கள்: ஆர்கன், கிட்டார், டிரம்ஸ். காதில் மட்டும் நான்காவதாக ஒருவர் கேட்டார். அடியில், தரையோடு தரையாக, நடந்துகொண்டே இருந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அவர் பெயர் இல்லை. போனில் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, அந்த நான்காவது ஆள் ஆர்கன் வாசிப்பவரின் இடது கையும் காலும்தான் என்று. காலடியில் மரக்கட்டைகளாக வரிசையாகப் பெடல் இருக்குமாம். வலது கை பாட்டைச் சொல்ல, இடது கையும் காலும் அதைத் தாங்கிக்கொண்டு போகின்றன. ஒரே மனிதர், மூன்று ஆள் வேலை. அன்றைக்கே இன்னும் நாலு வரி சேர்த்துப் படித்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. கால் விஷயத்திலேயே வாயைப் பிளந்துவிட்டு போனைக் கீழே வைத்துவிட்டேன்.

கேட்கக் கேட்க, வாசிப்பவர்களுக்கு நானே பெயர் வைத்தேன். ஒருவர் பிடிவாதக்காரர். ஒரு ஸ்வரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களால் அதைச் சுற்றி வளைய வருவார். பாட்டு ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று போகும், விரலை எடுக்க மாட்டார். எடுத்துத் தொலையுமேன் என்று நமக்கே மூச்சு முட்டும்போது எடுப்பார். அந்த இடத்தில் ரெக்கார்டுக்குள் இருக்கும் ஜனங்கள் கத்துவது கேட்கும். இன்னொருவர் சமையல்காரர். அவர் கட்டையைத் தொடும்போதெல்லாம் ஸ்வரத்துக்கு முன்னால் ‘டிக்’ என்று ஒரு வெடிப்பு, எண்ணெயில் கடுகு போட்டது போல. மூன்றாவது ஒரு பெண். அவரை அக்கா என்பேன். மற்றவர்கள் பத்து ஸ்வரம் வைக்கிற இடத்தில் அவர் மூன்று வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதைக் கேட்கவே அவர் தட்டைத் திரும்பத் திரும்பப் போடுவேன்.

தட்டுகளை லென்ஸ் துடைக்கும் துணியால்தான் துடைப்பேன். விரல் ரேகை பட்டால் எனக்குப் பொறுக்காது. என் மனைவி ஒருமுறை ஒரு தட்டை எடுத்துப் பார்க்க, ஓரத்தைப் பிடி, ஓரத்தைப் பிடி என்று நான் பதறியதில் அதை அப்படியே வைத்துவிட்டுப் போனவள், பிறகு அந்த மேஜைப் பக்கமே வருவதில்லை. உங்க சாமிய நீங்களே கும்புட்டுக்குங்க என்று சொல்லிவிட்டாள். அவள் மஞ்சக்குப்பத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு சொல் சொன்னால் அது உத்தரவு மாதிரி.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. பாட்டு ஆடியது. சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும் ஆர்கன் திடீரென்று நடுங்க ஆரம்பிக்கும். நடுக்கம் வேகமாகி, சற்று நேரம் அப்படியே இருந்து, பிறகு மெதுவாக அடங்கும். பிளேயரின் மோட்டார் கெட்டிருக்கிறது, வேகம் ஏறி இறங்குகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், கப்பலேறி வந்த பழைய மெஷின். திருப்பாப்புலியூரில் ரேடியோ ரிப்பேர் கடையில் காட்டினேன். பெல்ட்டை மாற்றினார்கள். ஆடியது. கரண்டு சரியில்லை என்றார்கள். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தேன். அப்போதும் ஆடியது.

அப்போதுதான் என் மனைவி, கையிலிருந்த விடைத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“எங்கப்பாவுக்குச் சொல்லி அனுப்பலாமா?”

அவளுடைய அப்பா, என் மாமா, எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நாங்கள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் கடலோரத்து மீன்பிடிக் குடும்பம், நான் கீரப்பாளையத்துப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். என் வீட்டார் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு பிறகு வழிக்கு வந்தார்கள். மாமா வரவில்லை. சொந்தம் கொண்டாடிக்கொண்டு அந்த வீட்டில் நான் காலடி வைக்க மாட்டேன் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டார். சொன்னதைச் சொன்னபடி காப்பாற்றினார். மகளைத் தெருவில் பார்த்தால் பேச மாட்டார். மாமியார் மட்டும் போனில் பேசுவார், கோயிலுக்கு வருகிற சாக்கில் எட்டிப் பார்ப்பார். என் மனைவி அதைப் பற்றிப் புலம்பியதே இல்லை. ஆனால் மீன் வாங்கும்போது தன் ஊர்க்காரர் கூடையைப் பார்த்தால் இன்னும் இரண்டு வார்த்தை கூடப் பேசிவிட்டு வருவாள். எனக்கு அது தெரியும்.

மாமா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு ஓ.டி. என்கிற கடலூர்ப் பழைய நகரத்துத் துறைமுகத்தில் போட் இன்ஜின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவர்களுக்குள் ஒரு வழக்கம். இன்ஜின் நின்றுபோச்சு என்று ஆள் வந்தால், பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுப் போட்டாக இருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். போகலாம், வேலை பார்க்கலாம், பேசலாம். ஆனால் அந்தப் போட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. வேலைக்குப் போவது சொந்தம் கொண்டாடுவதாகாது. என் மனைவி அந்த வழக்கத்தைத்தான் மெல்ல உருவி எடுத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தபோது, விடைத்தாளில் மார்க் போட்டுக்கொண்டிருந்தவளை எழுந்து நின்று பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை.

மாமியார் வழியாகச் சொல்லி அனுப்பினோம். மாப்பிள்ளை வீட்டில் என்று சொல்லவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு மோட்டார், யாராலும் முடியவில்லை என்று மட்டும் சொன்னோம். எந்த வீடு என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட் சத்தம் கேட்டது. காக்கித் துணிப் பையோடு வாசலில் நின்றார்.

“கடக்காரரே, மெஷினு எங்க?”

கடைக்காரர் என்றால் நான்தான். மாப்பிள்ளை என்று சொல்லாமலிருக்க அவர் கண்டுபிடித்த வழி அது. உள்ளே வந்தார், செய்தித்தாளை விரித்தார், ஸ்பேனர்களை வரிசையாக வைத்தார். என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காபி என்று நான் ஆரம்பித்ததும், வேலை செய்யும் இடத்தில் எதுவும் சாப்பிடுவதில்லை என்றார். பாட்டைப் போடச் சொன்னார். பிடிவாதக்காரரைப் போட்டேன். மாமா குனிந்து காதைப் பெட்டியோடு ஒட்ட வைத்துக் கேட்டார். தட்டின் ஒரு பக்கம் முழுக்க அப்படியே இருந்தார். பக்கம் முடிந்து ஊசி எழுந்ததும் இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி எழுந்து, உப்புக் காத்து ஏறியிருக்குது, தொடச்சிப் பாப்போம், அடுத்த வாரம் வரேன் என்று கிளம்பினார்.

அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். துடைத்தார், எண்ணெய் விட்டார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம், அதை முடிந்துபோன விஷயம் போல அடித்துச் சொல்வார். எலி கடித்திருக்கிறது என்றுகூட ஒருநாள் சொன்னார். எந்த எலி, எங்கே கடித்தது என்று கேட்டால் முறைப்பார். வேறு தட்டு போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதால், கடை வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து பழைய நாடகத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தேன். அது வெயிலில் கோணிப்போன தட்டு. ராஜாவும் மந்திரியும் குடித்துவிட்டுப் பேசுவது போலக் கேட்டது. மோட்டார்தான் என்று எங்கள் இருவருக்கும் அதோடு சந்தேகமே போய்விட்டது.

ஒரு பக்கம் முடிந்தால் கிளம்பிவிடுவார். அது அவர் வைத்துக்கொண்ட கணக்கு. நானும் நீளமான பக்கமாகப் பார்த்துத்தான் போடுவேன்.

ஆனால் அந்தச் சில மாதங்களைப் போல ஆர்கனை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ரசிக்க உட்கார்ந்தால் மனசு பாதியில் எங்கேயாவது போய்விடும். குறை கண்டுபிடிக்க உட்கார்ந்தால் ஒரு நொடியும் நகராது. ஒரே இடத்தைப் பத்துத் தடவை கேட்போம். கிட்டார் வாசிக்கும்போது ஆர்கன்காரர் பின்னால் இருந்துகொண்டு சின்னச் சின்னதாகத் தட்டிக் கொடுப்பதும், டிரம்ஸ்காரர் தாளம் போடுகிற பித்தளைத் தகட்டை லேசாகத் தொட்டுக்கொண்டே ஒரு முழுப் பாட்டையும் தள்ளிக்கொண்டு போவதும், அக்கா தன் முறை வரும்போது அவசரப்படாமல் ஒரு மூச்சு விட்டு ஆரம்பிப்பதும் எனக்குக் கேட்கத் தொடங்கின. எந்தப் பாட்டும் பிடித்ததாக மாமா சொல்லவில்லை. ஆனால் பிடிவாதக்காரர் விரலை எடுக்கும் இடம் வந்தால் அவர் கையிலிருந்த ஸ்பேனர் தரைக்கு மேலே அப்படியே நிற்கும். எடுத்த பிறகுதான் கீழே இறங்கும். கால் வாசிக்கிற விஷயத்தைச் சொன்னபோது மட்டும் தலையாட்டினார். வலை இழுக்கும்போது கையில் வலை, காலில் சுக்கான், நாங்களும் அப்படித்தான் ஓட்டினோம் என்றார். அதுதான் அவர் தன்னைப் பற்றி எங்கள் வீட்டில் சொன்ன முதல் விஷயம். சமையலறை வாசலில் நின்றவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவர் வெகுநேரம் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“ஒண்ணு இல்ல, ரெண்டு மோட்டாரு ஓடுது. சின்னது சட்டுனு எழும்புது. பெருசு மெதுவா வருது.”

நான் மூடியைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே இருந்தது ஒரே ஒரு மோட்டார், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மாமா அதைப் பார்த்தார், மறுபடியும் கேட்டார், மறுபடியும் பார்த்தார். இன்னொன்றும் சொன்னார்: ஆர்கன் ஆடுகிறது, கொட்டு ஆடவில்லை, மோட்டார் கெட்டால் எல்லோருக்கும்தானே கெட வேண்டும்? அன்று பக்கம் முடிவதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார்.

பரங்கிப்பேட்டைப் பாய் லீவில் வந்தது அதற்குப் பிறகு. கடையில் புதுக் கண்ணாடிக்கு ஃப்ரேம் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், நீ கொடுத்த மெஷினோடு நான் படும் பாட்டைக் கேள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டு நடுங்குவதை வாயால் செய்தும் காட்டினேன். பாய் சிரிக்க ஆரம்பித்தார். சிங்கப்பூர்ப் பெரியவர் வீட்டிலும் அப்படித்தான் நடுங்கியதாம். ஏன் என்று தானும் அன்றைக்கே கேட்டாராம். பெரியவர் ஒரு வீடியோவைக் காட்டினாராம். பாய் என் போனிலேயே அப்படி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

பீரோ மாதிரி ஒரு மரப்பெட்டி. பின்பக்கக் கதவைக் கழற்றியிருந்தார்கள். ஆர்கனின் சத்தம் அந்தப் பெட்டி வழியாகத்தான் வெளியே வருமாம். மேல் தட்டில் ஒரு கூம்பு, கீழ்த் தட்டில் ஒரு பெரிய உருளை. இரண்டும் சுற்றுகின்றன. ஸ்பீக்கரே சுற்றுகிறது. வாசிப்பவர் ஒரு சின்ன விசையைத் தள்ளினால் வேகமாகச் சுற்றும், மறுபடி தள்ளினால் மெதுவாகும். நடுக்கம் அந்தக் காற்றில் பிறப்பது. பாட்டு எங்கே பொங்க வேண்டுமோ அங்கே அவர் தள்ளுகிறார், எங்கே அடங்க வேண்டுமோ அங்கே இழுக்கிறார். நான் குறை என்று நினைத்துப் பெல்ட் மாற்றிச் சரிசெய்யப் பார்த்தது அந்தக் கலைஞர்களின் உயிரான இடத்தை. வாடிக்கையாளர் ஒருவர் வந்து நிற்பதுகூடத் தெரியாமல் நான் கடையில் வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வீடு திரும்பும் பஸ் பரங்கிப்பேட்டை பிரிவைத் தாண்டும்போதுதான் அடுத்த கணக்கு ஓடியது. மோட்டார் கெடவில்லை என்றால் மாமாவுக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை மொபெட் சத்தம் இல்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். வீடியோவையும் காட்டினேன். பார்த்தாள். சிரிக்கவில்லை.

“அவருகிட்ட சொல்லாதீங்க,” என்றாள்.

சொல்லவில்லை. மாமா தொடர்ந்து வந்தார். ஒன்றுமில்லாத மோட்டாரை அவர் கழற்றிப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டில் நடுக்கம் வரும் ஒவ்வொரு இடத்திலும், அடடா என்ன அழகாகத் தள்ளினார் என்று எனக்குள் துள்ளும். அதே இடத்தில் மாமாவின் முகம் சுண்டும். ஒரே பாட்டு ஒருவரை இப்படி உயர்த்தி இன்னொருவரை இப்படி அமுக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவர் இப்போது காரணம் எதுவும் சொல்வதில்லை. திருகாணியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். எனக்கு அவருடைய பவர் எப்போதோ தெரியும். அந்த எண்ணில் ஒரு கண்ணாடி செய்து என் பையிலேயே வைத்திருந்தேன். கொடுத்தால் வாங்க மாட்டார் என்று கொடுக்கவில்லை.

பிறகு மாமியார் போன் செய்தார். துறைமுகத்தில் ஒரு விசைப்படகு இன்ஜின் வேலை வந்திருக்கிறது, மாமா வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். என்னவென்று கேட்டதற்குக் காது போய்விட்டது என்றாராம். இல்லாத மோட்டாரெல்லாம் கேட்கிறது, இனி நம்மை நம்பி யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாராம்.

போனை வைத்த பிறகு நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. முடிவை நான் அவளிடமே விட்டுவிட்டேன். அது அவள் அப்பா. அவள் வருஷக்கணக்காக எதிர்பார்த்து, சாமர்த்தியமாக வரவழைத்தவர். சொன்னால் அவர் வரவு நின்றுபோகலாம், சொல்லாவிட்டால் அவர் காதைப் பற்றிய நம்பிக்கையே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சொல்லிடுங்க என்றாள். குரல் டீச்சர் குரலாகத்தான் இருந்தது, கண்தான் அப்படி இல்லை.

மாமா வந்தார். செய்தித்தாளை விரித்தார். நான் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாமா, மெஷினில் ஒன்றுமில்லை, இதைப் பாருங்கள் என்று போனை நீட்டினேன். அவர் போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். தெரியவில்லை. இன்னும் தள்ளினார். கை அதற்கு மேல் நீளவில்லை. நான் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டார்.

போனில் அந்த மரப்பெட்டி திறந்திருந்தது. மேலே கூம்பு மெதுவாகச் சுற்றியது, கீழே உருளை மெதுவாகச் சுற்றியது. வீடியோவில் இருந்தவர் விசையைத் தள்ளினார். கூம்பு சட்டென்று வேகம் பிடித்தது. கீழே உருளை கனமாக, யோசித்து யோசித்து, பின்னாலேயே வேகம் பிடித்தது. மாமா மறுபடியும் போடச் சொன்னார். நான் போட்டேன். பிறகு பிளேயரில் பிடிவாதக்காரரை வைக்கச் சொன்னார். ஆர்கன் நடுங்கத் தொடங்கிய இடத்தில் அவருடைய ஒரு விரல் எழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு விரல் எழுந்தது.

“ரெண்டு. சின்னது சட்டுனு, பெருசு மெதுவா. சொன்னனா இல்லியா, மாப்ள?”

“சொன்னீங்க மாமா.”

“அதான் கொட்டு ஆடல. ஆடறது அவுங்க மெஷினு, நம்ம மெஷினு இல்ல.”

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், கடல் தாண்டி, ஏதோ ஒரு ஊரில் ஓடிய மோட்டார்களை இவர் மஞ்சக்குப்பத்து ஹாலில் காதை வைத்து எண்ணிவிட்டார். எலி கடித்ததும் அவர் கண்டுபிடிப்புதான், அதையும் மறக்கக் கூடாது. அவர் என்னை என்ன சொல்லி அழைத்தார் என்பது எனக்குக் கொஞ்சம் பின்னால்தான் உறைத்தது. அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. மூடியைப் போட்டுத் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். ஸ்பேனர்களைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். வேலை முடிஞ்சிது என்று எழுந்தார். பாட்டு பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. மொபெட் சத்தம் தெருமுனையில் திரும்பிய பிறகு என் மனைவி ஹாலுக்கு வந்து செய்தித்தாளை மடித்தாள்.

“கண்ணாடியப் போட்டுக்கினே போயிட்டாரு,” என்றாள்.

அந்த வாரம் மாமியார் போனில், அவர் துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டார் என்று சொன்னார். நல்லது என்றோம். நல்லதுதான். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கமாக வரும் நேரம் வந்து, கடந்து போனபோது, நான் தட்டு எதையும் போடவில்லை. என் மனைவி சமையலறையில் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள்.

மொபெட் சத்தம் கேட்டது.

மாமா வாசலில் செருப்பை விட்டார். காக்கிப் பை இல்லை. ஒரு கையில் பிளாஸ்டிக் பையில் சங்கரா மீன், சட்டைப் பையில் கண்ணாடி. உள்ளே வந்து, என்ன செய்வது என்று தெரியாதவர் போல, வழக்கமாகச் செய்தித்தாள் விரிக்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வேலையில்லாமத்தான் வந்தேன்,” என்றார்.

மீன் பையை யார் கையிலும் கொடுக்காமல் சமையலறை நிலைப்படி ஓரம் வைத்துவிட்டு வந்தார். என் மனைவி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழம்பு கொதிக்கிற வரையில் நாங்கள் இருவரும் சமையல்காரரைக் கேட்டோம். விசை எங்கே தள்ளப்படுகிறது என்று முதலில் சொல்வது யார் என்று போட்டி. மாமாதான் ஜாஸ்தி ஜெயித்தார். ஜெயித்ததை ஒவ்வொரு தடவையும் சொல்லிக் காட்டினார். சாப்பாடு வந்தது. கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பிட்டார். குழம்பு எப்படி என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டார். அப்பாவும் மகளும் இன்னும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

சாப்பிட்டு முடித்து அக்காவைப் போட்டேன். மெதுவான பாட்டு. மாமா கண்ணை மூடிக் கேட்டார். அக்கா சும்மா இருக்கும் இடங்களில் அவரும் சும்மா இருந்தார். பாட்டு முடிந்து, பக்கமும் முடிந்து, ஊசி எழுந்தது. மாமா வழக்கப்படி இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றினார்.

என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நேராக அந்த மேஜைக்குப் போனாள். தட்டை எடுத்தாள், ஓரத்தைப் பிடிக்காமல், அஞ்சு விரலும் பட. திருப்பினாள்.

“இன்னொரு பக்கம் இருக்குதுப்பா.”

மாமா முட்டியிலிருந்து கையை எடுத்தார்.

“போடு பாப்பா. கேப்போம்.”

அவளுக்கு ஊசி வைக்கத் தெரியாது. வைத்த வேகத்தில் ஒரு கீறல் விழுந்தது. அந்தப் பக்கம் இன்றும் அந்தக் கீறல் சத்தத்தோடுதான் ஆரம்பிக்கிறது.